மிளகு, மரமஞ்சள், சிப்ரோ

மிளகு கிருமியைக் கொல்லும் என்று நம் வீடுகளில் சொல்லாதவர் குறைவு. ரசத்தில் போடும் அளவில் அது பெரிதாக எதையும் கொல்வதில்லை. மிளகுக்குக் காரம் தரும் பைப்பெரினைத் தனியாகப் பிரித்தெடுத்து, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளரும் திரவத்தில் கலந்தாலும் அந்தப் பாக்டீரியா அவ்வளவாக அசைந்து கொடுக்காது. ஆனால் அதே திரவத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கையும் கொஞ்சம் சேர்த்தால், வழக்கமாகத் தேவைப்படுவதைவிடக் குறைந்த சிப்ரோவிலேயே வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஜம்முவில் உள்ள சிஎஸ்ஐஆர் ஆய்வகத்தினர் இதை 2006-ல் வெளியிட்டார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மிளகின் மேல் ஒரு கண்.

பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் மைக்ரோபயாலஜி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சிறுநீர், சளி, ரத்தம், சீழ் என்று வருவதையெல்லாம் பிளேட்டில் தேய்த்து, மறுநாள் என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்து, எந்த மருந்துக்கு அது கேட்கும், எதற்குக் கேட்காது என்று எழுதிக் கொடுப்பது வேலை. சூடோமோனாஸ் பிளேட்டைத் திறந்தால் திராட்சை வாசம் வரும். அந்த வாசத்தை ரசிக்கிற மனநிலை எங்கள் யாருக்கும் இப்போது இல்லை. அதன் ரிப்போர்ட்டில் வரிசையாக 'ரெசிஸ்டன்ட்' என்று அடிக்க வேண்டியிருக்கும் என்று கை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கிறது. சிறுநீரில் வரும் ஈ.கோலைக்கு சிப்ரோ கேட்டால்தான் இப்போது எங்களுக்கு ஆச்சரியம். மருந்து கேட்காத பாக்டீரியாவால் நேரடியாக மட்டும் 2019-ல் உலகம் முழுவதும் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழில் வந்த கணக்கு சொல்கிறது. ஆன்டிபயாடிக்கைச் சிதைக்கும், நியூ டெல்லி என்ற பெயரையே சுமந்துகொண்டிருக்கும் என்டிஎம்-1 நொதியைப் பற்றி 2010-ல் லான்செட் குழும இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்து கார்த்திகேயன் குமாரசாமி. பெயர் விஷயத்தில் அரசு கோபப்பட்டது, பாக்டீரியா அதைக் கண்டுகொள்ளவில்லை.

இந்த வேலையில் இருப்பதால், அல்சூர் சொந்தக்காரர்கள், பக்கத்து ஃப்ளாட்காரர்கள், ஆபீஸ் கேன்டீன் அக்கா வரை எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். மாத்திரையோடு கஷாயமும் சேர்த்துக் குடித்தால் சீக்கிரம் குணமாகுமா? "ஆமா" என்றோ "இல்லை" என்றோ ஒரே வார்த்தையில் முடிக்கத்தான் அவர்களுக்கும் ஆசை. எனக்கும் ஆசைதான்.

முதலில், தாவரம் எப்படி ஆன்டிபயாடிக்கிற்கு உதவ முடியும் என்பதைப் பார்த்துவிடலாம்.

பாக்டீரியா மருந்திலிருந்து தப்பிக்கப் பல வழிகள் வைத்திருக்கிறது. மருந்தை வெட்டிப் போடும் நொதியைச் சுரக்கும். மருந்து போய் ஒட்ட வேண்டிய புரதத்தையே மாற்றிக்கொள்ளும். மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகள் அதன் சவ்வில் இருக்கின்றன. ஓட்டைப் படகில் உட்கார்ந்தவன் தண்ணீரை இறைத்துக்கொண்டே கரை சேர்வது மாதிரி, மருந்து உள்ளே வர வர இது இறைத்துக்கொண்டே பிழைத்துவிடும். ஸ்டஃபைலோகாக்கஸில் இருக்கும் அப்படிப்பட்ட ஒரு பம்பின் பெயர் நார்-ஏ. நார்ஃப்ளாக்சசினை வெளியேற்றுவதைக் கண்டதால் வந்த பெயர். சிப்ரோவையும் அது வெளியேற்றும்.

அது வெளியேற்றும் இன்னொரு பொருள் பெர்பெரின். மரமஞ்சளின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான அதே பெர்பெரின். தாவரம் தன்னைக் காத்துக்கொள்ளத் தயாரிக்கும் இந்த ஆயுதத்தைப் பாக்டீரியா உள்ளே வந்த வேகத்தில் வெளியே அனுப்பிவிடுகிறது. அப்படியானால் அந்தச் செடி எதற்காக மெனக்கெட்டு அதைத் தயாரிக்கிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவில் ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் குழுவினர் பெர்பெரிஸ் வகைச் செடிகளின் சாற்றைத் துருவினார்கள். 2000-ல் விடை வந்தது. பெர்பெரின் இருக்கும் அதே செடியில் 5'-மெத்தாக்ஸிஹிட்னோகார்பின் என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. தனியாகப் போட்டால் அது பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. ஆனால் நார்-ஏ பம்பை அடைத்துவிடும். பம்பு அடைபட்டதும் பெர்பெரின் உள்ளே தங்கி வேலையைக் காட்டும். ஒன்று அடிக்கிறது, இன்னொன்று கதவைப் பிடித்துக்கொள்கிறது.

அந்த நீளமான பெயரில் 'ஹிட்னோகார்பின்' என்று வருகிறதே, அது ஹிட்னோகார்பஸ் என்ற மரத்தின் பெயரிலிருந்து வந்தது. நம் ஊரில் நீரடிமுத்து. தொழுநோய்க்கு அதன் கொட்டை எண்ணெயைத்தான் ஒரு காலத்தில் உலகம் முழுக்கத் தடவினார்கள், ஊசியாகவும் போட்டார்கள். அந்த எண்ணெயில் சிறிதளவு இந்தப் பொருள் இருப்பது முன்பே பதிவாகியிருந்தது. நீரடிமுத்து எண்ணெய் தொழுநோய்க்கு வேலை செய்ததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையைப் படிக்கும்போது நடுவில் நீரடிமுத்து எண்ணெய்க்கு ஆங்கிலத்தில் வழங்கும் சௌல்மூக்ரா எண்ணெய் என்ற பெயரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மிளகின் கதைக்குள் போகும் பாதை வேறு. ஜம்மு ஆய்வகத்தில் இயக்குநராக இருந்த சி. கே. அடல் 1979 வாக்கில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஏராளமான ஆயுர்வேத மருந்துகளில் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் திரும்பத் திரும்ப வருகின்றன, நோய் என்னவாக இருந்தாலும். நோய்க்கு மருந்து வேறாக இருக்கும்போது இந்த மூன்றுக்கு என்ன வேலை? மற்ற மருந்து உடம்பில் ஏற உதவுவதுதான் வேலை என்று அவருடைய குழு காட்டியது. பைப்பெரின் குடலிலும் கல்லீரலிலும் மருந்தைச் சிதைக்கும் நொதிகளை மந்தமாக்குகிறது, குடல் சுவரிலிருந்து மருந்தைத் திருப்பி அனுப்பும் பி-கிளைக்கோபுரோட்டீனையும் தடுக்கிறது. கவனியுங்கள், இது நம் உடம்பிலேயே இருக்கும் பம்பு. பாக்டீரியாவின் பம்பையும் நம் பம்பையும் ஒரே மிளகு தொடுகிறது. பின்னால் வரப்போகும் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

இந்த வேலையிலிருந்து உண்மையில் ஒரு மருந்து வந்தது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினை 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 மில்லிகிராம் மட்டும் வைத்து, ஐசோனியாசிட் 300, பைப்பெரின் 10 மில்லிகிராம் சேர்த்து ரைசோரின் என்ற பெயரில் கெடிலா பார்மசூட்டிகல்ஸ் 2010-களின் தொடக்கத்தில் கொண்டு வந்தது. தாவரப் பொருளும் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்த கலவை என்றால் மேடையில் பேசுபவர்கள் துளசியையும் வேம்பையும் சொல்வார்கள். மாத்திரை வடிவம் எடுத்தது மிளகு.

சரி, இனி ஆய்வகத்துக்கு வருகிறேன். ஒரு கல்லூரிக்காக எம்.எஸ்சி. மாணவர்களின் புராஜெக்ட்டுக்கு வழிகாட்டுவது என் கூடுதல் வேலை. இந்த முறை வந்த பெண் கே.ஜி.எஃப். பக்கம். மாரிகுப்பம் ரயிலில் வந்து போகிறவள். அவளுக்கும் மற்றவர்களைப் போலவே மூலிகைச் சாறு வேண்டும், டிஸ்க் வேண்டும், பிளேட்டில் வட்டம் விழ வேண்டும். தாளில் ஊறவைத்த சாறு பிளேட்டில் பரவி, சுற்றிலும் பாக்டீரியா முளைக்காத வெற்று வட்டம் விழுந்தால் புராஜெக்ட் முடிந்தது. எனக்கு இந்த வட்டங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. நம் நாட்டில் எந்தச் செடியின் இலையையும் மெத்தனாலில் ஊறவைத்து இப்படி வட்டம் வரவைத்து கட்டுரை போட்டுவிடலாம், போட்டும்விட்டார்கள். வட்டம் பெரிதாக இருந்தால் சாறு வீரியமானது என்று அர்த்தம் இல்லை. பிளேட்டில் ஊற்றியிருக்கும் அகார் ஜெல்லில் சுலபமாகப் பரவும் பொருளுக்கு வட்டம் பெரிதாக விழும், பரவாத எண்ணெய்ப் பொருளுக்குச் சின்னதாக விழும். அவ்வளவுதான்.

"மேடம், அப்ப என்னதான் பண்றது?" என்றாள்.

செக்கர்போர்ட் போடச் சொன்னேன். 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் பிளேட், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. இடமிருந்து வலமாக ஆன்டிபயாடிக்கைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும், மேலிருந்து கீழாகச் சாற்றை அதே மாதிரி. ஒவ்வொரு குழியிலும் இரண்டும் வெவ்வேறு விகிதத்தில் சேர்ந்திருக்கும். அதில் பாக்டீரியாவைப் போட்டு இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்துவிட்டு, காலையில் ரெசசுரின் என்ற நீலச் சாயம் ஒரு சொட்டு. உயிருள்ள பாக்டீரியா இருந்தால் நீலம் ரோஜா நிறமாகிவிடும். இல்லாத குழி நீலமாகவே நிற்கும். பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்தால் நீலத்துக்கும் ரோஜாவுக்கும் நடுவில் படிக்கட்டு மாதிரி ஒரு கோடு தெரியும். இரண்டு மருந்தும் ஒன்றுக்கொன்று உதவினால் அந்தக் கோடு ரோஜாப் பக்கமாக உள்வாங்கிக் குழிந்திருக்கும்.

முதல் பிளேட்டில் பாதிக்கு மேல் ரோஜா. பாக்டீரியாவே போடாத குழிகளும் ரோஜா. அவள் முகம் வாடிவிட்டது. சாறே சாயத்தை மாற்றிவிடும் என்று விளக்கினேன். பல தாவரச் சாறுகளில் இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் பொருள்கள் பாக்டீரியா இல்லாமலேயே ரெசசுரினை ரோஜாவாக்கும். அதனால்தான் வெறும் சாறு மட்டும் உள்ள குழிகள் வேண்டும் என்கிறோம். வெளிவரும் கட்டுரைகளில் அந்தக் குழிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லாவிட்டால் நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

கணக்கு சுலபம். ஒரு உதாரணம். ஆன்டிபயாடிக் தனியாக நிற்கையில் வளர்ச்சியை நிறுத்த மில்லிக்கு 8 மைக்ரோகிராம் வேண்டும், சாற்றோடு சேர்ந்தால் 1 போதும் என்றால் 1-ஐ 8-ஆல் வகுத்து 0.125. சாறு தனியாக 512, சேர்ந்தால் 128 என்றால் 0.25. இரண்டையும் கூட்டினால் 0.375. இந்தக் கூட்டுத்தொகை 0.5-க்குள் இருந்தால்தான் இரண்டும் கைகோத்து வேலை செய்கின்றன என்று எழுதலாம். 4-க்கு மேல் போனால் ஒன்றையொன்று கெடுக்கின்றன. நடுவில் இருப்பதெல்லாம் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இந்த நடுப்பகுதியைத்தான் பலரும் 'கூட்டு விளைவு' என்று ஆசைப்பட்டு எழுதுவார்கள். இந்தச் சோதனையில் ஒரு குழி முன்னேயோ பின்னேயோ போவது சகஜம், ஆகவே இரண்டு மடங்கு வித்தியாசத்துக்கு மதிப்பில்லை. 2003-ல் எஃப். சி. ஆட்ஸ் ஓர் ஆய்விதழின் தலையங்கத்தில் இந்த வரம்புகளைக் கறாராக எழுதி, இனி இப்படித்தான் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் 0.75-ஐக் கொண்டாடும் கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அவளுக்கு ஒரு நல்ல எண் வந்தது. சிப்ரோ தேவை 64-லிருந்து 16-க்கு இறங்கியது. ஓடி வந்து காட்டினாள். நல்ல வேலை என்று சொன்னேன், உண்மையிலேயே நல்ல வேலைதான். அப்புறம் சொன்னேன். ஸ்டஃபைலோகாக்கஸ் சிப்ரோவுக்குக் கேட்கிறது என்று ரிப்போர்ட்டில் எழுத அந்த எண் 1 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். 16 என்றாலும் நோயாளியைப் பொறுத்தவரை அது 'ரெசிஸ்டன்ட்' தான். இந்த அளவுக்கு முரண்டு பிடிக்கும் பாக்டீரியாவில் பம்பு ஒரு பகுதி மட்டுமே. சிப்ரோ போய் ஒட்ட வேண்டிய நொதிகளே மாறிப்போயிருக்கும். பம்பை அடைத்தால் பம்பினால் வந்த பங்கு மட்டும் இறங்கும், மாறிய நொதி மாறினபடியே இருக்கும். பம்பு அடைப்பான்களால் பெரிய பலன் இருக்க வேண்டிய இடம், ரெசிஸ்டன்ஸ் முழுதாக ஊன்றிய பிறகு அல்ல, அது முளைவிடும் கட்டம். ஜம்முக்காரர்களும் 2006-ல் இதைத்தான் பார்த்தார்கள். சிப்ரோவை எதிர்த்து நிற்கும் புதிய திரிபுகள் முளைக்காமல் தடுக்கத் தேவைப்படும் அளவு பைப்பெரின் இருந்தபோது குறைந்தது. அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தப் பகுதி, ஆனால் அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் கொஞ்சம்.

இன்னொரு சிக்கல், சாறு எந்தச் செடியின் சாறு என்பது. மரமஞ்சள் வாங்க அவளையே அனுப்பினேன், நானும் கூடப் போனேன். அல்சூர் மார்க்கெட் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடை. போர்டு கன்னடத்தில், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் திருவண்ணாமலைக்காரர்.

"ஆராய்ச்சிக்கா மேடம்? எவ்ளோ வேணும்?"

"அண்ணே, இது கொடியா, முள்ளுச்செடியா?"

"மரமஞ்சள் மேடம். மஞ்சளா இருக்கு பாருங்க." குச்சியை உடைத்துக் காட்டினார். மஞ்சளாகத்தான் இருந்தது.

பிரச்சினையே அதுதான். தென்னிந்தியாவில் மரமஞ்சள் என்று விற்பது பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் படரும் கொசினியம் என்ற கொடியின் தண்டு. வடக்கே தாருஹரித்ரா என்று விற்பது இமயமலைப் பக்கத்து பெர்பெரிஸ் முள்செடி. இரண்டிலும் பெர்பெரின் உண்டு, இரண்டும் மஞ்சள். ஆனால் அமெரிக்கக் குழுவினர் பம்பு அடைப்பானைக் கண்டது பெர்பெரிஸில். கொடியை வாங்கி அரைத்துவிட்டு அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டினால் கதை கந்தல். போதாக்குறைக்கு அந்தக் கொடி காட்டில் வெட்டி வெட்டி அருகிப்போன ஒன்று. எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்காக அதை வெட்ட வேண்டாம் என்று எனக்கு ஒரு எண்ணம். எலஹங்கா பக்கத்தில் எஃப்ஆர்எல்ஹெச்டி என்ற அமைப்பு தொடங்கிய மூலிகை ஹெர்பேரியம் இருக்கிறது, உலர்த்திய செடி மாதிரிகளை ஒப்பிட்டு இது இன்னதுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம். பெங்களூரில் இருப்பதன் லாபம் இது. கடைசியில் நாங்கள் மரமஞ்சளை விட்டுவிட்டு மிளகுக்கே வந்துவிட்டோம். மிளகில் யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைக்காதீர்கள், பப்பாளி விதையை உலர்த்திக் கலந்தே விற்கிறார்கள். ஆனால் அதைக் கண்ணால் பிரித்துவிடலாம்.

இதெல்லாம் பிளேட்டில். பிளேட்டிலிருந்து நோயாளிக்கு உள்ள தூரத்தைச் சொல்லும் ஒரு ஆய்வு நம் ஊரிலேயே, பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. 1998. மஞ்சளில் உள்ள குர்க்குமினை மனிதர்களுக்கு 2 கிராம் கொடுத்து ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். கண்டுபிடிப்பதே கஷ்டமாக இருந்தது. அதே 2 கிராமோடு 20 மில்லிகிராம் பைப்பெரின் கொடுத்தபோது உடம்பு ஏற்றுக்கொள்ளும் அளவு 2000 சதவீதம் கூடியது. இந்த 2000-ஐ வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள், மஞ்சள் கேப்ஸ்யூல் டப்பாக்களிலும் பார்த்திருப்பீர்கள். டப்பாவில் போடாத எண் ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது. அவ்வளவு கூடியும் ரத்தத்தில் குர்க்குமின் எட்டிய உச்சம் மில்லிக்கு 0.18 மைக்ரோகிராம். பிளேட்டில் குர்க்குமின் பாக்டீரியாவை அசைக்கவே பத்துக்கணக்கிலும் நூற்றுக்கணக்கிலும் மைக்ரோகிராம் கேட்கும். ஒன்றுமே இல்லாததை இருபது மடங்காக்கினாலும் கொஞ்சம்தான் வரும்.

மாணவர்களிடம் ஒரு கணக்கு போடச் சொல்வேன். உங்கள் சாறு மில்லிக்கு 1 மில்லிகிராம் அளவில் வேலை செய்கிறதா, சரி. ஒரு ஆளின் பிளாஸ்மா ஏறக்குறைய 3 லிட்டர். அந்த அளவை எட்ட 3 கிராம் சாறு, குடலில் ஒரு துளிகூட வீணாகாமல், கல்லீரல் தொடாமல், மற்ற உறுப்புகளுக்குள் போகாமல், முழுசாக ரத்தத்தில் மிதக்க வேண்டும். நடக்கிற காரியமா? 500 மில்லிகிராம் சிப்ரோ மாத்திரை போட்டால் ரத்தத்தில் உச்சமே மில்லிக்கு 2.4 மைக்ரோகிராம் அளவுதான். இந்தக் கணக்கைப் போட்டதும் பாதிப் பேர் முகம் மாறும். மீதிப் பேர் 'ஆனாலும் மேடம், இயற்கை' என்பார்கள்.

நேரக் கணக்கும் இருக்கிறது. அமாக்ஸிசிலினோடு கிளாவுலானிக் அமிலத்தைச் சேர்த்து 1981-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த ஆக்மென்டின்தான் இந்த யோசனையின் வெற்றிகரமான முன்னோடி. கிளாவுலானிக் அமிலமும் தனியாக அவ்வளவாகக் கொல்லாது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து வந்தது, தாவரமில்லை. அமாக்ஸிசிலினை வெட்டும் நொதியை அது முடக்கும், மீதியை அமாக்ஸிசிலின் பார்த்துக்கொள்ளும். இந்த ஜோடி பிழைத்ததற்கு ஒரு காரணம், இரண்டும் ரத்தத்தில் பாதியாகக் குறைய எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. துணைக்கு வந்தவர் பாதி வழியில் இறங்கிவிட்டால் பாக்டீரியாவின் முன் ஆன்டிபயாடிக் மட்டும் தனியாக நிற்கும். பிளேட்டில் இந்தப் பிரச்சினை வராது, அங்கே இரண்டும் இரவு முழுக்க ஒரே குழிக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

நச்சும் இருக்கிறது. நார்-ஏ பம்பை அடைக்க ஆய்வகங்களில் ரொம்பக் காலமாகப் பயன்படும் பொருள் ரிசர்பின். சர்ப்பகந்தா வேரிலிருந்து வந்தது. அந்த வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று 1949-ல் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல். பம்பை அடைக்கும் அளவுக்கு ரிசர்பின் கொடுத்தால் பாக்டீரியாவுக்கு முன்னால் நோயாளி விழுந்துவிடுவார். செயற்கையாகச் செய்த பம்பு அடைப்பான்களும் இதே மாதிரி நச்சில் மாட்டிக்கொண்டன. பாக்டீரியாவின் பம்பை அடைப்பதற்கென்றே ஒப்புதல் பெற்று, ஆன்டிபயாடிக்கோடு டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்து ஒன்றுகூட இன்னும் வரவில்லை.

இப்போது அந்தக் கஷாயக் கேள்விக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் என் அத்தைக்குச் சிறுநீர்த் தொற்று, டாக்டர் சிப்ரோ எழுதியிருந்தார். கல்ச்சரில் அவருடைய பாக்டீரியா சிப்ரோவுக்குக் கேட்டது, அதிர்ஷ்டம். அத்தை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றொரு கையில் மிளகும் மஞ்சளும் போட்ட சூடான பால். "ரெண்டும் சேந்தா நல்லா பிடிக்கும்ல?" என்றார்.

"அத்தை, பாலைக் கீழ வைங்க."

மஞ்சளோ மிளகோ என்னைப் பதற வைக்கவில்லை, பால் பதற வைத்தது. பாலில் உள்ள கால்சியம் சிப்ரோவைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும், குடல் அதை உறிஞ்சாது. மாத்திரை போட்ட மாதிரி இருக்கும், ரத்தத்தில் ஏற வேண்டியது ஏறாது. டாக்ஸிசைக்ளினுக்கும் இதே கதை. இரும்புச்சத்து மாத்திரையும் ஜெலுசில் மாதிரியான ஆன்டாசிடும் இதையேதான் செய்யும். சிப்ரோவை வெறும் தண்ணீரில் போடச் சொல்லி, பாலை ரொம்ப நேரம் தள்ளி வைக்கச் சொன்னேன். "எங்க காலத்துல…" என்று தொடங்கினார், நான் காது கொடுக்கவில்லை.

மிளகு விஷயத்தில் நான் பயப்படுவது வேறு ஆட்களுக்காக. வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுபவர்கள், ஆஸ்துமாவுக்கு தியோஃபிலின் சாப்பிடுபவர்கள். இந்த மருந்துகளில் பலன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகல். பைப்பெரின் இரண்டின் ரத்த அளவையும் ஏற்றுகிறது என்று ஆய்வுகள் உண்டு. மிளகின் எடையில் சுமார் 5 சதவீதம் பைப்பெரின், ஆகவே செயின்ட் ஜான்ஸ் ஆய்வில் கொடுத்த 20 மில்லிகிராம் என்பது அரை கிராமுக்கும் குறைவான மிளகில் இருக்கிறது. ஒரு நாள் மிளகு ரசத்துக்காக யாரும் பயப்பட வேண்டாம், முழு மிளகிலிருந்து பைப்பெரின் அவ்வளவும் வெளியே வந்துவிடாது. ஆனால் பைப்பெரின் சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூலைத் தினமும் போட்டுக்கொண்டு, டாக்டரிடம் 'வேற மருந்து எதுவும் சாப்பிடல' என்று சொல்பவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் அந்த டப்பாவைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் காட்ட வேண்டும். ரத்தத்தில் மருந்தை ஏற்றும் என்று விளம்பரம் செய்கிறவர்கள், நீங்கள் சாப்பிடும் வேறு மருந்துகளையும் ஏற்றலாம் என்பதை மட்டும் சிறிய எழுத்தில்கூடப் போடுவதில்லை.

இவ்வளவு சொன்னதால் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் நம்பிக்கை வெளிப்பூச்சில் இருக்கிறது. காயத்தில், தோலில், வாயில், கண்ணில் பூசும்போது ரத்த அளவு என்ற சுவரே இல்லை. பிளேட்டில் வேலை செய்த அதே அடர்த்தியை அங்கே வைக்க முடியும். சர்க்கரை நோயாளிகளின் காலில் வரும் புண்ணிலிருந்து வாரம் தவறாமல் எங்களுக்கு சீழ் வருகிறது. அதில் பாக்டீரியா பயோஃபிலிமாக, தானே சுரந்த பசைக்குள் கூட்டமாகப் புதைந்து இருக்கும், மாத்திரை அங்கே போய்ச் சேர்வதே கஷ்டம். 2015-ல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஃபிரேயா ஹாரிசன் குழுவினர் ஆயிரம் வருடப் பழைய ஆங்கிலச் சுவடியில் இருந்த ஒரு கண் மருந்தை அப்படியே செய்து பார்த்தார்கள். பூண்டு, வெங்காயச் சாதியில் இன்னொன்று, ஒயின், மாட்டுப் பித்தநீர், எல்லாம் சேர்த்து ஒன்பது நாள் வைக்க வேண்டும். அது எம்ஆர்எஸ்ஏ என்னும் முரட்டு ஸ்டஃபைலோகாக்கஸை அந்தப் பசைக்குள்ளேயே கொன்றது. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டபோது எதுவும் அந்த அளவுக்குச் செய்யவில்லை. ஒன்பது நாளும் ஒரு சேர்மானம் என்பது நம் ஊர் தைலம் காய்ச்சுபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் மாணவியின் மிளகுச் சாற்றிலும் இதே மாதிரி ஒரு குடைச்சல். முழுச் சாறாக இருந்தபோது சிப்ரோவுக்கு உதவியது. காலம் குரோமட்டோகிராஃபியில், அதாவது ஒரு கண்ணாடிக் குழாய் வழியே இறக்கி, பகுதி பகுதியாகப் பிரித்த பிறகு, பைப்பெரின் இருக்கும் பகுதி முழுச் சாறு அளவுக்கு உதவவில்லை. மீதிப் பகுதிகளில் தனியாக எதுவும் ஒன்றும் செய்யவில்லை. பைப்பெரினோடு இன்னொன்று சேர்ந்திருக்கிறதா, அல்லது பிரிக்கும்போது ஏதாவது சிதைந்துவிட்டதா என்று தெரிந்தாக வேண்டும். பைப்பெரினுக்கு வெளிச்சம் ஆகாது, வெளிச்சம் பட்டால் அதன் வடிவமே மாறிவிடும். அந்தக் கண்ணாடிக் குழாயைச் சுற்றி அலுமினியம் ஃபாயில் போட்டுத் திரும்ப ஓட்டச் சொல்லியிருக்கிறேன். பகுதிகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்து அதே 96 குழியில் போட வேண்டும், சாறு மட்டும் உள்ள குழிகளோடு. மாரிகுப்பம் ரயில் நேரத்துக்கு வந்துவிட்டால் திங்கட்கிழமை தொடங்கிவிடுவாள்.